டர்பன் வீட்டுக் கூடத்தில் டெரிக்: எந்தக் கதையில் தொடங்குவது, எப்படிப் போட்டுப் பார்ப்பது

‘டெரிக்’ என்ற பழைய ஜெர்மன் துப்பறியும் தொடரை முதல்முறையாகப் பார்க்கிற பலர் பாதியிலேயே எழுந்துவிடுகிறார்கள். துரத்தல் கிடையாது, துப்பாக்கிச் சத்தம் அபூர்வம். கோட்டு போட்ட உயரமான மனிதர் ஒருவர் யாரோ ஒருவருடைய வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டு மெதுவாகக் கேள்வி கேட்கிறார். இதில் என்ன இருக்கிறது என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் எழுந்து போகிறவர்களில் பெரும்பாலோர் தவறான கதையில் தொடங்கியவர்கள், அல்லது பக்கவாட்டில் இழுபட்ட முகங்களைப் பார்த்தவர்கள், அல்லது குளறுபடியான சப்டைட்டிலோடு மல்லுக்கட்டியவர்கள். இந்த மூன்றையும் சரிசெய்தால் அதே தொடர் ஆளைப் பிடித்து உட்காரவைக்கும். தென்னாப்பிரிக்காவில் நம்மவர்கள் வாழும் சாட்ஸ்வர்த், பீனிக்ஸ், லெனேசியா பக்கத்து வீடுகளில் தாத்தா, ஆயா, பேரப்பிள்ளைகள் என்று மூன்று தலைமுறையும் ஒன்றாக உட்கார்ந்து பார்ப்பதற்கு ஏற்றமாதிரி இந்தக் குறிப்புகளைத் தந்திருக்கிறோம்.

அடிப்படைத் தகவல்களை முதலில் சொல்லிவிடலாம். ஜெர்மனியின் இசட்.டி.எஃப். தொலைக்காட்சியில் 1974 அக்டோபர் 20 முதல் 1998 அக்டோபர் 16 வரை மொத்தம் 281 கதைகள் வந்தன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மணி நேரம், அந்த ஒரு மணி நேரத்துக்குள் கதை முடிந்துவிடும். கதை நடக்கும் ஊர் மியூனிக். தலைமை ஆய்வாளர் ஷ்டெஃபான் டெரிக்காக நடித்தவர் ஹோர்ஸ்ட் டாப்பெர்ட், உதவியாளர் ஹாரி கிளைனாக நடித்தவர் ஃபிரிட்ஸ் வெப்பர். 281 கதைகளையும் எழுதியது ஒரே ஆள்: ஹெர்பர்ட் ரைனெக்கர். தயாரிப்பாளர் ஹெல்முட் ரிங்கெல்மன். நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு இந்தத் தொடர் விற்பனையானது.

அந்த நாடுகளில் தென்னாப்பிரிக்காவும் ஒன்று. இங்கே தொலைக்காட்சி முறையாகத் தொடங்கியதே 1976 ஜனவரி 5ஆம் தேதிதான். நிறவெறி ஆட்சியை எதிர்த்து பிரிட்டிஷ் நடிகர் சங்கம் தன் உறுப்பினர்கள் நடித்த நிகழ்ச்சிகளை இங்கே விற்கவிடாமல் தடுத்ததால், அமெரிக்கத் தொடர்களையும் ஜெர்மானியத் தொடர்களையும் வாங்கி, டச்சிலிருந்து பிறந்த இந்நாட்டு மொழியான ஆஃப்ரிகான்ஸில் குரல் மாற்றி ஒளிபரப்பினார்கள். டெரிக்கும் அப்படித்தான் ஆஃப்ரிகான்ஸ் பேசினார். ரேடியோ 2000 என்ற வானொலி வந்த பிறகு மூல ஒலியை அந்த அலைவரிசையில் கூடவே கேட்க முடிந்தது. தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு ரேடியோவைத் திருப்பினால் ஜெர்மன் ஒலிக்கும். அந்தக் காலத்தில் பார்த்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால் பாதி வேலை முடிந்தமாதிரி. ஆளைப் பார்த்ததுமே அடையாளம் சொல்லிவிடுவார்கள், கதையின் வேகமும் அவர்களுக்குப் பழகியது.

எங்கே தொடங்குவது

கையில் கிடைத்த டிவிடியைப் போட்டுத் தொடங்காதீர்கள். பலர் 1990களின் கதை ஒன்றில் நுழைந்து அதோடு நிறுத்திக்கொள்வதற்கு இதுதான் காரணம். 24 வருடத்தில் தொடர் வெகுவாக மாறியது. எங்கள் கணக்கில் அதை மூன்று காலமாகப் பிரித்துக்கொள்வது நல்லது.

முதல் காலம் 1974இலிருந்து 1970களின் பிற்பகுதிவரை. இதில் பல கதைகளில் கொலைகாரன் யார் என்பது ஆரம்பத்திலேயே நமக்குத் தெரிந்துவிடும். டெரிக் பிறகுதான் வருவார். அவர் எப்படிக் கண்டுபிடிக்கிறார், அந்த ஆள் எந்த இடத்தில் உடைகிறான் என்பதே கதை. கூடிப் பார்க்க இதைவிடத் தோதான வடிவம் இல்லை. சப்டைட்டிலில் நாலு வரி தவறினாலும் கதை கைநழுவாது. நடுவில் யாராவது தேநீர் போட எழுந்து போய்வந்தாலும், ‘இவன்தான் கொன்னவன்’ என்ற ஒரே தகவலோடு மறுபடி ஒட்டிக்கொள்ளலாம். முதல் ஐந்தாறு வாரங்களை இந்தக் காலத்துக்கே ஒதுக்குங்கள்.

இரண்டாவது காலம் ஏறக்குறைய 1980களின் நடுப்பகுதிவரை. இப்போது கொலைகாரனை நம்மிடமிருந்து மறைக்கிறார்கள். வீடுகள் பெரிதாகின்றன, குடும்பத் தகராறுகள் சிக்கலாகின்றன. ஃபிராங்க் டுவால் போட்ட இசை பல கதைகளின் மனநிலையையே தீர்மானிக்கிறது. தொடரின் உச்சம் இதுதான் என்பது எங்கள் தீர்ப்பு.

மூன்றாவது காலம் கடைசிப் பத்துப் பன்னிரண்டு வருடங்கள். டெரிக் இங்கே போலீஸ்காரரைவிட அதிகமாக ஒரு நீதி விசாரகர். குற்றம் ஏன் நடக்கிறது, சமூகம் எங்கே தவறுகிறது என்று நீளமாகப் பேசுகிறார். கேமரா ஒரே அறையில் நிற்கிறது. முதல் இரண்டு காலத்தையும் பார்த்து அந்த மனிதர்மேல் பிடிப்பு வந்தவர்களுக்கு இது உருக்கமாக இருக்கும். புதிதாக வருகிறவர்கள் தூங்கிவிடுவார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது.

முதல் வாரத்துக்கு முதல் கதையையே போடலாம். பெயர் ‘வால்ட்வேக்’, காட்டுப்பாதை என்று பொருள். பெண்கள் விடுதிப் பள்ளிக்குப் போகும் ஒரு காட்டு வழியில் மாணவி ஒருத்தி கொல்லப்படுகிறாள். கொலையாளியாக வரும் வோல்ஃப்காங் கீலிங் என்ற நடிகரின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும். இரண்டாவது வாரத்துக்கு இரண்டாவது கதையான ‘யோஹானா’. பணக்கார மனைவியைக் கொன்ற கணவன் முன்னால், செத்தவளைப்போலவே இருக்கும் அவளுடைய சகோதரி வந்து நிற்கிறாள். இரண்டு வேடமும் லில்லி பால்மர். ஒரு பெண் சும்மா வீட்டுக்குள் நடமாடுவதே ஒருவனுக்கு விசாரணையாகிவிடுகிறது. ரைனெக்கரின் எழுத்து எதனால் நிற்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை. மூன்றாவது வாரத்துக்கு 1975இல் வந்த ‘மிட்டர்நாக்ட்ஸ்பூஸ்’, அதாவது நள்ளிரவுப் பேருந்து.

அதன் பிறகு இயக்குநர் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். டிவிடி உறையின் பின்புறம் இருக்கும். ஆல்ஃபிரெட் ஃபோரர் என்றிருந்தால் பரபரப்பு கூடுதலாக இருக்கும். ஸ்பினெக் பிரினிக் செக் நாட்டுக்காரர். அவர் படங்களில் கேமரா முகத்துக்கு மிக அருகில் வரும், மனிதர்கள் வினோதமாக நடந்துகொள்வார்கள், சிலருக்குப் பிடிக்கும், சிலருக்குப் பிடிக்காது. ஐந்தாவது வாரத்துக்கு முன்னால் அவரைத் தொடாதீர்கள். தியோடோர் கிரேட்லர், ஹெல்முட் ஆஷ்லி என்றிருந்தால் நிதானமான, நம்பகமான வேலை.

வாரத்துக்கு ஒன்று போதும், மிஞ்சினால் இரண்டு. எல்லாவற்றையும் ஒரே ஆள் எழுதியிருப்பதால் தொடர்ந்து நாலு கதை பார்த்தால் ஒரே வகை அம்மா, ஒரே வகை மகன், ஒரே வகை வில்லா என்று கண்ணில் உறுத்தும். வாரத்துக்கு ஒன்றாக ஒளிபரப்பாவதற்கென்றே செய்த தொடர் இது. ஜெர்மனியில் வெகுகாலம் வெள்ளிக்கிழமை இரவு 8.15 மணிதான் இதன் நேரம். விளக்கேற்றி, மரக்கறிச் சாப்பாடு முடித்து எல்லோரும் கூடத்துக்கு வந்து சேரும் நேரமும் அதுவேதான் என்பதால் நம் வீடுகளுக்கும் வெள்ளிக்கிழமை சரியாகப் பொருந்தும்.

டிவிடி, மொழி, சப்டைட்டில்

டிவிடி வாங்கும்போது உறையில் உள்ள உலக உருண்டைப் படத்துக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள். தென்னாப்பிரிக்கா மண்டலம் 2இல் இருக்கிறது. ஜெர்மனி, நெதர்லாந்து, பிரிட்டன் எல்லாம் அதே மண்டலம்தான். எனவே ஐரோப்பாவில் வாங்கியது இங்கே விற்கும் பிளேயரில் தடையில்லாமல் ஓடும். அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் வாங்கிவந்தது மண்டலம் 1, அது ஓடாது. இந்தியாவிலிருந்து கொண்டுவந்த பிளேயர் மண்டலம் 5க்கானது என்பதால் ஜெர்மன் டிவிடியை அது மறுக்கும். பிளேயர் பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகும் முன் இந்த எண்ணைச் சரிபாருங்கள். படமுறையிலும் சிக்கல் இல்லை, ஜெர்மனியும் தென்னாப்பிரிக்காவும் ‘பால்’ (PAL) முறைதான்.

அடுத்தது மொழி. ஜெர்மன் ஒலியை மாற்றாதீர்கள். டாப்பெர்ட்டின் குரல் இந்தத் தொடரில் பாதி. தாழ்ந்த, அவசரமில்லாத குரல். சப்டைட்டில் ஆங்கிலத்தில் இருந்தால் நல்லது. ஜெர்மனியில் விற்கும் டிவிடிகள் பலவற்றில் ஆங்கில சப்டைட்டில் இருக்காது, வாங்கும் முன் உறையைப் படித்துவிடுங்கள். நெதர்லாந்தில் வெளியானவற்றில் டச்சு சப்டைட்டில் உண்டு. பள்ளியில் ஆஃப்ரிகான்ஸ் படித்தவர்கள் வீட்டில் இருந்தால் டச்சு சப்டைட்டிலே போதுமானது. முதல் பத்து நிமிடம் தட்டுத்தடுமாறினாலும் பிறகு சரளமாகிவிடும். எளிய சொற்களில் பேசும் தொடர் என்பதால் இது கைகொடுக்கிறது.

இணையத்தில் யாரோ ஏற்றிவைத்த பிரதிகளை நம்பாதீர்கள். உரிமைச் சிக்கல் ஒருபுறம் இருக்க, பிடிபடாமலிருக்க வேகத்தைக் கூட்டியிருப்பார்கள், ஓரத்தை வெட்டியிருப்பார்கள், இடவலமாகத் திருப்பியிருப்பார்கள். திருப்பியிருக்கிறதா என்று கண்டுபிடிக்கத் தென்னாப்பிரிக்காவில் இருப்பவர்களுக்கு ஒரு சுலபமான வழி உண்டு. ஜெர்மனியில் காரின் ஸ்டியரிங் இடப்பக்கம். ஹாரி நம் ஊர்க் கார்களைப்போல வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டினால் படம் திருப்பப்பட்டிருக்கிறது. முகங்களின் இரு பக்கமும் ஒன்றுபோல இருப்பதில்லை என்பதால் அப்படிப் பார்க்கும்போது ஏதோ சரியில்லை என்ற உணர்வு கதை முழுக்கக் கூடவே வரும்.

தானாக உருவாகும் சப்டைட்டிலும் வேண்டாம். பெயர்களையும் மெல்லிய குரலில் சொல்வதையும் அது தப்பாகக் கேட்கும். இந்தத் தொடரில் முக்கியமானதெல்லாம் மெல்லிய குரலில்தான் வரும். கணினியில் விஎல்சி என்ற படம் ஓட்டும் மென்பொருள் வைத்துப் பார்க்கும்போது எழுத்து முந்தியோ பிந்தியோ வந்தால் ‘ஜி’, ‘ஹெச்’ விசைகளைத் தட்டி நேரத்தை நகர்த்தலாம். ஒரு தட்டுக்கு 50 மில்லி விநாடி நகரும். தொடக்கத்தில் சரியாக இருந்து போகப்போக விலகுகிறது என்றால் அது வேறு படவேகத்துக்குச் செய்த கோப்பு. விநாடிக்கு 25 சட்டகத்துக்கும் 24க்கும் உள்ள வித்தியாசம் ஒரு மணி நேரத்தில் இரண்டரை நிமிடம்வரை போகும். விசையைத் தட்டித் தட்டிச் சரிசெய்ய முடியாது, வேறு கோப்பு தேடுவதே வழி.

திரையும் ஒலியும்

எல்லாக் கதைகளுக்கும் பொருந்தும் மிகப் பெரிய பிழை, படத்தை அகலத் திரைக்கு இழுத்துவிடுவது. டெரிக் 4:3 வடிவத்தில் எடுத்தது. இன்றைய தொலைக்காட்சிகள் 16:9. இழுத்தால் ஒவ்வொரு முகமும் மூன்றில் ஒரு பங்கு அகலமாகிவிடும். முகத்தைப் பார்ப்பதற்கென்றே எடுத்த தொடரில் அது கதையையே கெடுத்துவிடும். ரிமோட்டில் பட வடிவத்துக்கான பொத்தானைத் தட்டி 4:3 என்று வையுங்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். ‘பாதித் திரை வீணாகுது’ என்று யாராவது சொல்வார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள்.

இதனால் படம் சிறிதாகும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். 43 அங்குலத் தொலைக்காட்சியில் 4:3 படத்தின் உண்மையான அளவு 35 அங்குலம்தான், 55 அங்குலத்தில் 45. சப்டைட்டில் எழுத்தும் அதற்கேற்பச் சிறுக்கும். ஆகவே 43 அங்குலம் என்றால் பெரியவர்கள் இரண்டு மீட்டருக்குள் உட்காரட்டும், சோபாவைச் சுவரோரமாக விட்டுவிட வேண்டாம்.

படத்தை வழுவழுப்பாக்கும் அமைப்பு ஒன்று இன்றைய தொலைக்காட்சிகள் பலவற்றில் இருக்கும், ஒவ்வொரு கம்பெனியும் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கும். அதை அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால் 1975இன் ஃபிலிம் நேற்று எடுத்த சீரியல்மாதிரி தெரியும். கூர்மையைக் கூட்டும் அமைப்பையும் குறைத்து வையுங்கள், பழைய படத்தின் மணி மணியான பரப்பு அதில் புழுதிபோல மேலெழும்.

ஒலியைப் பொறுத்தவரை ஒரே விதி. சுற்றொலி, அரங்க ஒலி என்பதெல்லாம் அணைந்திருக்க வேண்டும். பழைய ஒற்றைத்தட ஒலியை அவை சிதறடிக்கும், பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். ‘பேச்சு’ என்ற அமைப்பு இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

லோட் ஷெட்டிங், அதாவது முறைவைத்த மின்வெட்டு, திரும்பி வந்தால் என்ன செய்வது என்பதற்கும் தயாராக இருக்கலாம். 43 அங்குல எல்இடி தொலைக்காட்சியும் பிளேயரும் சேர்ந்து ஏறக்குறைய 110 வாட் இழுக்கும். 12 வோல்ட் 100 ஆம்ப்ஹவர் ஈய பேட்டரியில் பாதியை மட்டும் பயன்படுத்தினாலும், இன்வெர்ட்டரில் போகும் இழப்பைக் கழித்து, நாலு மணி நேரம் தாங்கும். அதே இணைப்பில் கெட்டிலைச் செருகினால் இன்வெர்ட்டர் உடனே நின்றுவிடும், கதையின் உச்சத்தில்தான் யாராவது செருகுவார்கள். வெந்நீரை முன்கூட்டியே பிளாஸ்கில் ஊற்றி வைத்துக்கொள்வது உத்தமம்.

கதை சொல்ல ஒரு ஆள்

சப்டைட்டில் படிக்க முடியாத பெரியவர்கள் இருக்கும் வீட்டில் ஒருவர் தமிழில் கதை சொல்ல வேண்டும். இதைச் சரியாகச் செய்தால் கூடம் கட்டுப்பட்டு உட்காரும், தப்பாகச் செய்தால் எல்லோருக்கும் கெடும்.

சொல்பவர் அந்தக் கதையை முன்னதாகத் தனியாக ஒருமுறை பார்த்திருக்க வேண்டும். பார்த்த பிறகு ஒரு அட்டையில் ஐந்து முதல் ஏழு பாத்திரங்களை எழுதிக்கொள்ளட்டும், ஜெர்மன் பெயரை அல்ல, உறவை. ‘செத்தவளோட புருஷன்’, ‘மூத்த மகன், அப்பாகிட்ட பேசாதவன்’, ‘வீட்டு வேலைக்காரம்மா’, ‘சின்ன மருமகளோட தம்பி’. ஷ்ரோடர், ஹென்னிங், கோப்மன் என்று சொல்லிக்கொண்டிருந்தால் ஆயாவுக்கு ஐந்தாவது நிமிடத்தில் ஆர்வம் போய்விடும். உறவு தெரிந்துவிட்டால் யார் எதற்குப் பயப்படுகிறார் என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள், பல சமயம் டெரிக்குக்கு முன்பே. ஏனென்றால் இந்தக் கதைகள் பெரும்பாலும் சொத்து, மருமகன், ஒதுக்கப்பட்ட பிள்ளை, மறைத்த உறவு ஆகியவற்றைச் சுற்றியே நடக்கின்றன.

ஒவ்வொரு வசனத்தையும் மொழிபெயர்க்கக் கூடாது. ஒரு காட்சிக்கு ஒரே வாக்கியம், அதுவும் காட்சி தொடங்கும் முன்னால், ஆட்கள் காரிலிருந்து இறங்கும்போதோ படி ஏறும்போதோ சொல்லிவிட வேண்டும். ‘இப்ப மூத்தவன்கிட்ட அன்னிக்கு ராத்திரி எங்க இருந்தேன்னு கேக்கப் போறாரு.’ அவ்வளவுதான். பேச்சு நடக்கும்போது வாயைத் திறக்கக் கூடாது. அந்த நேரத்தில் பெரியவர்கள் குரலையும் முகத்தையும் பார்க்கட்டும். ரைனெக்கர் எழுதும் வசனம் திரும்பத் திரும்ப வரும் வசனம். கேள்வி கேட்டால் பதில் சொல்கிறவன் அந்தக் கேள்வியையே ஒருமுறை திருப்பிச் சொல்வான். சில விமர்சகர்கள் இதைக் கேலி செய்திருக்கிறார்கள். மொழி தெரியாத பார்வையாளருக்கு அது ஒரு வரம். அதே சொல் மூன்றாம் முறை வரும்போது குரல் எப்படி மாறியிருக்கிறது என்பதை யாரும் கவனிக்கலாம்.

நடுவில் நிறுத்துவது அதிகபட்சம் மூன்று தடவை. விசாரணை நடக்கும்போது ஒருபோதும் நிறுத்தாதீர்கள்.

குழந்தைகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ரத்தம் அதிகம் காட்டமாட்டார்கள், ஆனால் போதைப்பொருள், இரவு விடுதி, பாலியல் தொழில், இளம்பெண்கள் கொலை எல்லாம் கதைப் பொருளாக வரும். பெண் பாத்திரங்களைப் பார்க்கும் பார்வையும் பல இடங்களில் அந்தக் காலத்துப் பார்வைதான். பதின்மூன்று வயதுக்குக் கீழே இருப்பவர்களைச் சேர்க்காமலிருப்பது நல்லது.

கோயில் மண்டபத்திலோ சங்கக் கூடத்திலோ பொதுவில் போட்டுக் காட்ட உரிமையாளரின் அனுமதி வேண்டும். டிவிடியை விலைகொடுத்து வாங்கியிருப்பது வீட்டில் பார்க்க மட்டும்தான்.

எதைக் கவனிப்பது

டெரிக் ஒரு வீட்டுக்குள் நுழையும் காட்சியைக் கூர்ந்து பாருங்கள். உட்காருங்கள் என்று சொன்னாலும் பெரும்பாலும் உடனே உட்காரமாட்டார். அறையின் நடுவில் நிற்பார். சுவரில் இருக்கும் படத்தை, மேஜையில் இருக்கும் இரண்டாவது கோப்பையை ஒரு கணம் பார்ப்பார். ஒரு கேள்வி. பதில் வந்த பிறகும் அவர் அசையமாட்டார், பேசவும்மாட்டார். அந்த இடைவெளியைத் தாங்க முடியாமல் எதிரில் இருப்பவர் கேட்காத ஒன்றைச் சொல்ல ஆரம்பிப்பார். கேமரா இப்போது டெரிக்கிடம் இல்லை, பேசிக்கொண்டிருப்பவரின் வாய் ஓரத்தில் இருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறவர்கள் இந்தத் தொடரில் தாங்களாகவே பேசி மாட்டிக்கொள்கிறார்கள். ஓட்டிப் பார்க்கிறவர்கள் இழப்பது இந்த மௌனத்தைத்தான். ‘ஒண்ணுமே நடக்கலையே’ என்று தோன்றும் இடத்தில் ரிமோட்டைத் தொடாதிருப்பது இந்தத் தொடரைப் பார்ப்பதற்கான முதல் ஒழுக்கம்.

ஹாரியை வெறும் உதவியாளர் என்று தள்ளாதீர்கள். டெரிக் பேசும்போது அவர் பெரும்பாலும் ஓரத்தில் நிற்பார், வீட்டிலுள்ள மற்றவர்களைப் பார்ப்பார். திரையின் ஓரத்தை கவனித்தால் யாரைச் சந்தேகிக்க வேண்டும் என்பது அவர் பார்வையிலேயே சில சமயம் தெரிந்துவிடும். இந்தப் பாத்திரத்துக்கு ஒரு முன்கதையும் உண்டு. ரைனெக்கரும் ரிங்கெல்மனும் முன்பு செய்த ‘டெர் கோமிஸார்’ தொடரில் ஃபிரிட்ஸ் வெப்பர் இதே ஹாரி கிளைனாகத்தான் இருந்தார். அங்கிருந்து டெரிக்கிடம் மாற்றலாகி வந்தார். காலியான இடத்துக்கு அங்கே வந்த தம்பிப் பாத்திரத்தில் நடித்தவர் அவருடைய சொந்தத் தம்பி எல்மார் வெப்பர்.

காதைத் தீட்டிக்கொள்ள ஒரு இடம். ஜெர்மனிலும் தமிழைப்போல ஒருமை, மரியாதைப் பன்மை உண்டு: ‘டூ’, ‘ஸீ’. ஆங்கில சப்டைட்டிலில் இரண்டும் ஒன்றாகிவிடும். டெரிக்கும் ஹாரியும் தங்களுக்குள் ‘டூ’, மற்ற எல்லோரிடமும் ‘ஸீ’. முன்பின் தெரியாதவர்கள் என்று போலீஸிடம் சொன்ன இருவர் பிறகு தனியாக இருக்கும்போது ‘டூ’ என்று பேசிக்கொண்டால், சப்டைட்டில் சொல்லாத ஒன்று உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

வீடுகளையும் கார்களையும் பார்க்கலாம். மியூனிக்கின் பணக்காரப் பகுதிகளில் உள்ள வில்லாக்கள், பெரிய கண்ணாடிக் கதவுகள், தோட்டத்துக்கு அப்பால் இருட்டு. டெரிக்கின் கார் காலத்துக்குக் காலம் மாறினாலும் பிஎம்டபிள்யூதான். அந்தக் கம்பெனி ஜெர்மனிக்கு வெளியே வைத்த முதல் தொழிற்சாலை பிரிட்டோரியாவுக்குப் பக்கத்தில் ரோஸ்லினில், 1973இல். ஆகவே 1970களின் கதைகளில் வரும் சில மாடல்களைப் பார்த்ததும் பெரியவர்கள் யார் வீட்டில் அந்தக் கார் நின்றது என்று சொல்லத் தொடங்கினால், கதை முடியும்வரை பொறுத்திருக்கச் சொல்லுங்கள்.

விருந்தினராக வரும் நடிகர்கள் தனி விருந்து. மரியா ஷெல், ஹோர்ஸ்ட் புஹ்ஹோல்ஸ் போன்ற பெரும் பெயர்கள் கொலையாளியாகவோ தாயாகவோ வந்துபோகிறார்கள். பிற்பாடு இரண்டு ஆஸ்கர் வாங்கிய கிறிஸ்டோஃப் வால்ட்ஸை இளைஞராக இதில் பார்க்கலாம். ‘ஹாரி, போய்க் காரை எடுத்து வா’ என்று ஜெர்மானியர்கள் டெரிக்கின் வசனமாகச் சொல்லிச் சிரிக்கும் வாக்கியம் அதே சொற்களில் இந்தத் தொடரில் இல்லை. பேரப்பிள்ளைகள் அதைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

முதல் நாளே சொல்ல வேண்டியது

2013 ஏப்ரலில் ஒரு செய்தி வெளியானது. ஹோர்ஸ்ட் டாப்பெர்ட் இரண்டாம் உலகப் போரில் நாஜிகளின் வாஃபன் எஸ்எஸ் படையில் இருந்தவர். 2008இல் இறக்கும்வரை அவர் அதைப் பொதுவில் சொன்னதில்லை. செய்தி வந்ததும் இசட்.டி.எஃப். இந்தத் தொடரின் மறுஒளிபரப்பை நிறுத்தியது. ரைனெக்கரின் பழைய வரலாறும் ஒளிவில்லாதது. ஹிட்லர் இளைஞர் அமைப்பின் பத்திரிகைகளில் வேலை பார்த்தவர், போரில் வாஃபன் எஸ்எஸ்ஸின் பிரச்சாரப் பிரிவில் நிருபராக இருந்தவர்.

இதை முதல் வாரமே, படம் போடும் முன் சொல்லிவிடுங்கள். நாலாவது வாரத்தில் பேரன் கைபேசியில் தேடிப் படித்துச் சொன்னால், மறைத்ததாக ஆகிவிடும். நிறவெறிச் சட்டத்தின்கீழ் வீடிழந்து டவுன்ஷிப்புக்குப் பெயர்த்து அனுப்பப்பட்ட தலைமுறை இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. யார் எதைத் தெரிந்து பார்க்கிறோம் என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். பார்க்க வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் வாதாட வேண்டாம். எங்கள் கருத்து, பார்க்கலாம், ஆனால் தெரிந்துகொண்டு பார்க்க வேண்டும். குற்றத்தை மூடி மறைத்து மதிப்பாக வாழ்கிறவர்களைப் பற்றியே இருவரும் 24 வருடம் கதை செய்தார்கள் என்பது, தெரிந்த பிறகு ஒவ்வொரு விசாரணைக் காட்சியையும் கனமாக்குகிறது.

டெரிக் முடிந்ததும்

கடைசிக் கதையான ‘தாஸ் அப்ஷீட்ஸ்கெஷெங்க்’, அதாவது பிரிவுப் பரிசை, அவசரப்பட்டுப் போடாதீர்கள். டெரிக் யூரோபோல் என்ற ஐரோப்பியப் போலீஸ் அமைப்பில் பதவிக்குப் போகும் கதை அது. குறைந்தது முப்பது கதை பார்த்தவர்களுக்குத்தான் அந்த விடைபெறல் உறைக்கும்.

அடுத்து எது என்று கேட்டால், அதே தயாரிப்பாளர் 1977இல் தொடங்கிய ‘டெர் ஆல்டெ’. சீக்ஃபிரீட் லோவிட்ஸ் நடித்த 1986 வரையிலான கதைகள் டெரிக்கைவிடக் கொஞ்சம் முரட்டுத்தனமானவை, நகைச்சுவையும் உண்டு. அதன் பின்வந்த கதைகளில் செனகல் வேர்கொண்ட சார்லஸ் முகமது ஹூபர் துப்பறிவாளராக வருகிறார், ஜெர்மன் தொலைக்காட்சியில் அந்நாளில் அது அரிது. பழையதைத் தேடிப் போகிறவர்களுக்கு 97 கதைகள் கொண்ட ‘டெர் கோமிஸார்’, முழுக்கக் கறுப்பு வெள்ளை. 1970 நவம்பரில் தொடங்கி இன்றும் ஞாயிறு இரவுகளில் வந்துகொண்டிருக்கும் ‘டாட்டோர்ட்’ வேறு ரகம். ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனிப் போலீஸ் ஜோடி, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம், தரமும் ஊருக்கு ஊர் மாறும். அதற்குள் நுழைவதென்றால் முதலில் ஒரு ஊரைத் தேர்ந்தெடுத்து, அந்த ஊரின் கதைகளை மட்டும் வரிசையாகப் பாருங்கள். வெள்ளிக்கிழமைக்கு ஒன்றரை மணி நேரம் நீளம் என்பதால் சாப்பாட்டை அரை மணி முன்னதாக முடித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.